எலும்பு மஜ்ஜை மாற்று: பை ஏறும் ஒரு நாளும் அதைச் சுற்றிய மாதங்களும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் "மஜ்ஜை மாத்தணும்னு சொல்லிட்டாங்க" என்ற செய்தி வெளியே போனால் போதும், அன்று சாயங்காலத்துக்குள் மூன்று கேள்விகள் வந்து சேர்ந்துவிடும். ஆபரேஷன் எத்தனை மணி நேரம்? முதுகுத்தண்டிலிருந்து எடுப்பார்களாமே, கொடுப்பவருக்குக் கால் விளங்காமல் போய்விடாதா? பங்காளிகள் இத்தனை பேர் இருக்கிறோமே, ஒருத்தருக்குக்கூடவா சேராமல் போகும்? எல்லாரும் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் மூன்று கேள்விகளுமே தப்பான இடத்திலிருந்து கிளம்புகின்றன.

சிகிச்சைக்குப் போகிறவருக்கு வயது முப்பத்தைந்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒன்று, கைக்குழந்தை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டுக்கு இதெல்லாம் வெறும் வம்புப் பேச்சு இல்லை. செல் கொடுக்க வேண்டிய தங்கை பயந்து பின்வாங்குவதும், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே உறவுக்காரர்கள் வீட்டை நிறைப்பதும் இந்தக் குழப்பங்களால்தான். அதனால் அடியிலிருந்தே பார்ப்போம்.

## மஜ்ஜை எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது

இடுப்பெலும்பு, நெஞ்செலும்பு, விலா, முதுகெலும்பு ஆகியவற்றின் உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும் மெத்தென்ற பகுதிதான் எலும்பு மஜ்ஜை. ரத்தத்தில் ஓடும் அணுக்கள் அங்கேதான் பிறக்கின்றன. சிவப்பணு பிராணவாயுவைச் சுமக்கிறது. வெள்ளையணு கிருமியோடு சண்டை போடுகிறது. தட்டணு, அதாவது எல்லாரும் பிளேட்லெட் என்று சொல்வது, ரத்தத்தை உறைய வைக்கிறது. சிவப்பணு மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி புதிதாக உருவாகிறது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். தட்டணுவுக்குப் பத்து நாள்கூடத் தேறாது. ஆகவே மஜ்ஜை சில நாள் வேலையை நிறுத்தினாலே உடம்பு காட்டிக்கொடுத்துவிடும்: ஈறில் ரத்தம், விடாத காய்ச்சல், படி ஏறினால் மூச்சு வாங்கல்.

இந்த மூன்று வகை அணுக்களுக்கும் மூலமான செல்லை மூலச்செல் என்கிறோம். ஆஸ்பத்திரியில் ஸ்டெம் செல் என்பார்கள். மஜ்ஜை மாற்று என்றால் உண்மையில் மாற்றுவது இந்தச் செல்களைத்தான்.

முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம் வேறு. அது மூளையிலிருந்து இறங்கும் நரம்புக் கற்றை. மஜ்ஜைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மஜ்ஜை எடுக்கும்போது அதை யாரும் தொடுவதும் இல்லை. கால் விளங்காமல் போகும் என்ற பயம் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவது.

## விதைநெல் கணக்கு

கண்மாய்ப் பாசன வயலில் களை தலைக்கு மேல் வளர்ந்து, பயிரோடு பின்னிக்கொண்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள். களையை மட்டும் தனியாகப் பிடுங்க முடியாது. வீரியமான மருந்தடித்தால் களை சாகும், பயிரும் சேர்ந்து சாகும். அப்படியானால் மருந்தடிக்கும் முன்பே விதைநெல்லைப் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும். மருந்தின் வேகம் தணிந்த பிறகு விதைக்க வேண்டும்.

ரத்தப் புற்றுநோயிலும் இதே சிக்கல்தான். நோய்ச் செல்லை ஒழிக்கும் அளவுக்குக் கீமோ மருந்து கொடுத்தால் மஜ்ஜையும் காலியாகிவிடும். அதற்காகத்தான் மூலச்செல். விதைநெல் யாருடையது என்பதைப் பொறுத்து சிகிச்சை இரண்டு வகையாகப் பிரிகிறது.

முதல் வகையில் நோயாளியின் செல்லையே முன்கூட்டி எடுத்து வைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். மல்டிபிள் மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் இதுதான். இங்கே நோயை அடிப்பது கீமோ. மூலச்செல் அந்த அடியிலிருந்து ஆளை மீட்கிறது.

இரண்டாம் வகையில் இன்னொருவருடைய செல்லைக் கொடுப்பார்கள். லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயின் சில வகைகளுக்கும், மஜ்ஜையே வற்றிப்போகும் ஏபிளாஸ்டிக் அனீமியாவுக்கும் இது வேண்டியிருக்கும். விதைநெல் உவமை இதற்குமேல் நமக்கு உதவாது. ஏனென்றால் அடுத்தவர் செல் வெறுமனே முளைப்பதில்லை, வந்து சேர்ந்த உடம்பையே "நீ யார்" என்று கேட்கத் தொடங்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது மஜ்ஜை மாற்று என்றால் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது "சொந்தச் செல்லா, அடுத்தவர் செல்லா" என்பதைத்தான். செலவு, நாள்கள், ஆபத்து, வீட்டுக்கு வந்த பின் கட்டுப்பாடு எல்லாமே அந்தப் பதிலைப் பொறுத்து மாறும். "என் மச்சானுக்கு மூணு வாரத்துல முடிஞ்சிருச்சே" என்று யாராவது சொன்னால், அந்த மச்சானுக்கு நடந்தது எந்த வகை என்று கேளுங்கள்.

## பங்காளி முறையும் பொருத்தமும்

நம் ஊரில் உறவுக் கணக்கு சுத்தமானது. நகரத்தார் வீடுகளில் ஒன்பது நகரக் கோயில்களை வைத்தே யார் பங்காளி, எங்கே பெண் எடுக்கலாம் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் "ஒரே கோயில், ஒரே ரத்தம்" என்று நினைப்பது இயல்பு. மஜ்ஜைக்கு அந்தக் கணக்கு உதவாது.

பொருத்தம் பார்ப்பது எச்.எல்.ஏ. என்ற அடையாளத்தில். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் புரதங்கள் இவை. இது நம் உடம்பு, இது அந்நியம் என்று எதிர்ப்புச் சக்தி பிரித்துப் பார்க்க உதவுகின்றன. இதில் ஒரு பாதி அப்பாவிடமிருந்தும் மறு பாதி அம்மாவிடமிருந்தும் வருகிறது. கோயில் வழி தகப்பன் வழியை மட்டும் பின்தொடர்கிறது, எச்.எல்.ஏ. ஒவ்வொரு தலைமுறையிலும் இரண்டு பக்கத்திலிருந்தும் கலந்து வருகிறது. ஆகவே நாலு தலைமுறைக்கு முன் பிரிந்த பங்காளி, இந்த விஷயத்தில் ஏறக்குறைய வெளி ஆள்தான்.

கூடப்பிறந்தவர்களிடம்தான் முழுப் பொருத்தத்துக்கு நல்ல வாய்ப்பு. ஒரு அண்ணனோ தங்கையோ முழுதாகப் பொருந்த 25 சதவீதம். இரண்டு பேர் இருந்தால், ஒருவராவது பொருந்த 44 சதவீதம். மூன்று பேர் என்றால் 58. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பவரை உடனே கிளம்பி வரச் சொல்ல வேண்டியதில்லை. முதல் சோதனைக்கு ரத்த மாதிரியோ கன்னத்தின் உட்புறத்தை வழித்தெடுத்த பஞ்சுக் குச்சியோ போதும்.

பெற்றோரும் பிள்ளைகளும் எப்போதும் குறைந்தது பாதிப் பொருத்தம். முன்பு பாதிப் பொருத்தத்தில் செய்யப் பயப்படுவார்கள். செல் ஏற்றிய சில நாளில் சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற மருந்தைக் கொடுக்கும் முறை வந்த பிறகு, அது இப்போது பரவலாக நடக்கிறது. ஆனால் ஏழு வயதுப் பிள்ளையின் உடம்பிலிருந்து 65 கிலோ தகப்பனுக்குப் போதுமான செல் எடுப்பது கடினம். "நான் அப்பாவுக்குத் தரேன்" என்று பிள்ளை சொன்னால் நெகிழ்ந்துபோய்ச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். பெரியவர்களிலேயே ஆள் பார்ப்பார்கள் என்று அதற்குப் புரியும்படி சொல்லிவிடுங்கள்.

சொந்தத்திலேயே கல்யாணம் நடந்த குடும்பங்களில் ஒரே எச்.எல்.ஏ. பாதி பல பேரிடம் சுற்றிக்கொண்டிருக்கலாம். அங்கே மாமன், அத்தை பிள்ளைகள் வரை சோதித்துப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. அத்தை மகளையோ மாமன் மகளையோ கட்டியிருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. குடும்பத்தில் யாருமே பொருந்தாவிட்டால் தாத்ரி போன்ற கொடையாளர் பதிவேடுகளில் தேடுவார்கள்.

ரத்த வகை ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஓ வகைக்காரருக்கு பி வகைக்காரர் கொடுக்கலாம். சில மாதங்களில் வாங்கியவரின் ரத்த வகையே பி ஆகிவிடும். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கண் விரியக் கேட்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆள் படுத்துவிட்டால் ரத்தம் கொடுக்க முதலில் ஓடுவது கூடப்பிறந்தவர்கள்தான். மஜ்ஜை மாற்று செய்யப்போகிறார்கள் என்றால் நெருங்கிய சொந்தங்களின் ரத்தத்தையோ தட்டணுவையோ நோயாளிக்கு ஏற்றக் கூடாது. அந்தச் செல்லை நோயாளியின் உடம்பு அந்நியமாகப் பதிவு செய்துகொண்டால், பின்னால் அதே குடும்பத்திலிருந்து வரும் மூலச்செல்லைத் தள்ளிவிடும் ஆபத்து கூடும். சொந்தக்காரர்கள் ரத்த வங்கிக்குக் கொடுக்கட்டும். அது வேறு யாருக்காவது போகட்டும்.

## கொடுப்பவருக்கு என்ன ஆகும்

இரண்டு வழி உண்டு. இன்று அதிகம் நடப்பது ரத்தத்திலிருந்து எடுப்பது. நான்கைந்து நாள் ஊசி போட்டால் மூலச்செல்கள் மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு இறங்கிவரும். பிறகு ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போய், செல் மட்டும் பிரிக்கப்பட்டு, மீதி மறு கை வழியே உடம்புக்குத் திரும்பும். சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும். ஊசி நாள்களில் இடுப்பும் முதுகும் அடித்துப் போட்டது போல வலிக்கும், காய்ச்சல் வருவது போல இருக்கும், அப்புறம் சரியாகிவிடும்.

இன்னொரு வழியில் மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பின் பின்பக்க மேட்டில் ஊசி வழியாக மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பார்கள். எடுத்தது சில வாரத்தில் தானாக ஊறிவிடும்.

கல்யாணமாகிப் போன தங்கை மட்டும்தான் பொருந்துகிறாள் என்றால், அவள் புகுந்த வீட்டில் தயக்கம் வருவதைப் பார்க்கலாம். இனிமேல் குழந்தை பிறக்குமா, பலவீனம் ஆகிவிடுமா என்று கேட்பார்கள். மூலச்செல் கொடுப்பதால் பிள்ளைப்பேறு பாதிக்காது. இதை நாம் சொல்வதைவிட, மாமியாரையும் மாப்பிள்ளையையும் கூட்டிப்போய் மருத்துவர் வாயால் கேட்க வைப்பது நல்லது. அதற்குமேலும் அந்தப் பெண்ணுக்கு மனமில்லை என்றால் வற்புறுத்தக் கூடாது. இதில் நான் கொஞ்சம் கறாராகவே இருப்பேன்: அவள் உடம்பு, அவள் முடிவு.

## கழித்தலில் தொடங்கும் நாள் கணக்கு

செல் ஏற்றும் நாளை பூஜ்ய நாள் என்பார்கள். அதற்கு முந்தியவை மைனஸ் 6, மைனஸ் 5 என்று இறங்கிவரும். அந்த நாள்களில் வீரியமான கீமோ, சிலருக்குக் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுப்பார்கள். இதற்கு கண்டிஷனிங் என்று பெயர். பழைய மஜ்ஜையைக் காலி செய்வதும், அடுத்தவர் செல் என்றால் அதைத் தள்ளிவிடாதபடி எதிர்ப்புச் சக்தியை அடக்குவதும் இதன் வேலை.

பூஜ்ய நாளில் பார்க்க ஒன்றுமே இருக்காது. கத்தி இல்லை, தையல் இல்லை, ஆபரேஷன் தியேட்டர் இல்லை. நெஞ்சில் ஏற்கெனவே பொருத்திய மெல்லிய குழாய் வழியே, ரத்தம் ஏற்றுவது போல ஒரு பை செல்லை ஏற்றுவார்கள். உறைய வைத்த செல் என்றால் அதைக் காக்கச் சேர்த்த மருந்தால் அறையில் பூண்டு மாதிரி ஒரு வாடை ஒரு நாள் இருக்கும். இவ்வளவுதானா என்று கூட இருப்பவருக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும். உள்ளே ஏறிய செல்கள் ரத்தத்தோடு சுற்றி, எலும்புக்குள் தங்கள் இடத்தைத் தாங்களே கண்டுபிடித்து உட்கார்ந்துகொள்ளும். எலும்பைத் திறந்து யாரும் வைப்பதில்லை.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். பழையது போய்விட்டது, புதியது இன்னும் வேலையைத் தொடங்கவில்லை. வெள்ளையணு ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கும். வாயெல்லாம் புண்ணாகி எச்சில் விழுங்கவே முடியாது. முன்பு மெல்ஃபலான் என்ற கீமோ மருந்து கொடுக்கும்போதே வாயில் ஐஸ் கட்டி போட்டுக்கொண்டிருந்தால் அந்தப் புண் குறையும். முடி கொட்டும், பேதியாகும், காய்ச்சல் வரும். காற்றை வடிகட்டி அனுப்பும் தனி அறையில் வைத்து ஆண்டிபயாட்டிக், ரத்தம், தட்டணு என்று கொடுத்து ஆளைத் தாங்கிப் பிடிப்பார்கள்.

நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு வகை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-ஐத் தாண்டி மூன்று நாள் தொடர்ந்து நின்றால், செல் பிடித்துவிட்டது என்பார்கள். சொந்தச் செல் என்றால் பெரும்பாலும் இரண்டு வாரத்தில், அடுத்தவர் செல் என்றால் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் இது நடக்கும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்த்தால்: பழைய மஜ்ஜையைக் காலி செய்கிறார்கள், செல்லை ரத்தத்தில் விடுகிறார்கள், அது பிடிக்கும்வரை ஆளைக் காக்கிறார்கள். மும்பை டாடா மெமோரியலில் 1983-இலும் வேலூர் சி.எம்.சி.யில் 1986-இலும் தொடங்கிய சிகிச்சை இது. நமக்கு அருகிலேயே பல பத்தாண்டு அனுபவம் இருக்கிறது.

## வந்த செல் வீட்டுக்காரரை அடிக்கும்போது

அடுத்தவர் செல்லோடு அவருடைய எதிர்ப்புச் சக்தியும் வருகிறது. அது நோயாளியின் தோலையும் குடலையும் கல்லீரலையும் அந்நியம் என்று நினைத்துத் தாக்கலாம். இதற்குப் பெயர் ஜி.வி.எச்.டி. உள்ளங்கையில், காதோரத்தில் சிவப்புத் தடிப்பு, தண்ணீராகப் போகும் பேதி, கண் மஞ்சளாவது என்று தெரியும். இதே தாக்குதல்தான் ஒளிந்திருக்கும் புற்றுச் செல்லையும் தேடி அழிக்கிறது. ஆகவே மருத்துவர்கள் அதை அடியோடு ஒழிக்காமல், எல்லை தாண்டாதபடி சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகளால் கட்டி வைக்கிறார்கள்.

அந்த மாத்திரையின் அளவு ரத்தத்தில் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. பப்ளிமாஸ் பழம்கூட அதைக் குழப்பலாம். நிலவேம்பு, லேகியம், "சும்மா ரத்தம் ஊற" கொடுக்கும் சூரணம் எதுவானாலும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். நாட்டு மருந்தின் மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. இந்த ஒரு வருடம் மட்டும் அது ஓரமாக இருக்கட்டும்.

## வீட்டைத் தயார் செய்வது

அடுத்தவர் செல் வாங்கியவர்கள் ஏறத்தாழ நூறாவது நாள்வரை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தங்க வேண்டியிருக்கும். சென்னையோ வேலூரோ, கூட ஒரு பெரியவர் இருந்தாக வேண்டும். காரைக்குடியில் பிள்ளைகளோடு இன்னொருவர். தாயும் தகப்பனும் இரண்டு இடத்திலும் இருக்க முடியாது. யார் எங்கே என்பதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். அப்பத்தாவுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது, பள்ளிக்கூட வேன் வளைவுக்குள் வராது என்பது மாதிரியான சின்ன விஷயங்கள்தான் பிறகு பெரிதாகும்.

டிஸ்சார்ஜ் என்றால் குணமாகிவிட்டது என்று ஊர் நினைக்கும். எண்ணிக்கை ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். எதிர்ப்புச் சக்தி முழுதாகத் தேற ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். இங்கேதான் நம் வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பழைய செட்டிநாட்டு வீடு என்றால் பூட்டிக் கிடக்கும் அறைகள், மேலே திறந்த வளவு, உத்தரத்தில் புறா, பின்கட்டில் வௌவால். சுண்ணாம்பும் பழைய மரமும் கொட்டும் தூசியில் அஸ்பர்ஜிலஸ் என்ற பூஞ்சையின் விதைகள் இருக்கும். உங்களையும் என்னையும் அது ஒன்றும் செய்யாது. புது மஜ்ஜைக்காரரின் நுரையீரலில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. வெள்ளையடிப்பது, ஓடு மாற்றுவது, பூட்டிய அறையைத் திறந்து தட்டுவது எல்லாம் அவர் வருவதற்கு வெகு முன்பே முடிந்திருக்க வேண்டும். அவர் வந்த பிறகு ஒரு ஆணிகூட அடிக்க வேண்டாம் என்பேன். பெரிய வீட்டைவிட, நன்றாகத் துடைக்கக்கூடிய, கழிப்பறை ஒட்டிய ஒரு சின்ன அறையே மேல். அவர் இருக்கும் காலத்தில் வாசலில் சாணம் தெளிக்க வேண்டாம், மாட்டுக்கொட்டகைப் பக்கம் அவர் போகவும் வேண்டாம்.

ஊருணித் தண்ணீரின் ருசி வேறு எதிலும் வராதுதான். கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள். சாப்பாடு சூடாக, அன்றன்றைக்குச் சமைத்ததாக இருக்கட்டும். இட்லி, இடியாப்பம், நன்றாக வெந்த கறி, எல்லாம் சரி. பழைய சோறு, கடையில் நறுக்கி வைத்த பழம், காலையில் அரைத்து மத்தியானம்வரை வெளியே இருந்த சட்னி வேண்டாம். கோயில் தீர்த்தமும் பஞ்சாமிர்தமும் வந்தால் வீட்டில் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், சாமி கோபித்துக்கொள்ளாது.

பார்க்க வருபவர்களை என்ன செய்வது? நம் பக்கம் உடம்பு சரியில்லாதவரைப் போய்ப் பார்க்காவிட்டால் அது மனக்குறையாகிவிடும். வீட்டுக்கு முகப்பும் திண்ணையும் இருக்கிறது. அங்கேயே உட்கார வைத்து, காபி கொடுத்து, வீடியோ காலில் அவரைக் காட்டி அனுப்புங்கள். "டாக்டர் சொல்லிட்டாங்க" என்ற ஒரு வரி போதும்; பழி டாக்டர் மேல் போகட்டும்.

## பிள்ளைகள் இருக்கும் வீடு

பிள்ளைகளை அப்பாவிடமிருந்து ஒரேயடியாகப் பிரித்து வைக்கச் சொல்லி யாரும் சொல்வதில்லை. சளி, காய்ச்சல் இருக்கும் நாளில் தள்ளி இருக்க வேண்டும். மற்ற நாளில் கை கழுவிவிட்டுப் பக்கத்தில் உட்காரலாம்.

தடுப்பூசியில் கவனம் வேண்டும். பிள்ளைகளுக்குப் போடுவதை நிறுத்தக் கூடாது. அவர்கள் பாதுகாப்பாக இருந்தால்தான் அவரும் பாதுகாப்பாக இருப்பார். ஆனால் போலியோ சொட்டு மருந்தில் உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமி இருக்கிறது. அது குழந்தையின் மலத்தில் வெளியேறும். சொட்டு மருந்து முகாம் வந்தால் மஜ்ஜை மாற்று செய்த மருத்துவரைக் கேட்டு, அதற்குப் பதில் ஊசி போட முடியுமா என்று பாருங்கள். கைக்குழந்தையின் துணி மாற்றும் வேலையும் அவருக்கு வேண்டாம்.

வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால் வேப்பிலை கட்டிவிட்டு மூன்று தண்ணீர் ஊற்றும்வரை காத்திருக்க முடியாது. சின்னம்மைக் கிருமி அவருக்கு மிக ஆபத்தானது. அன்றைக்கே மருத்துவமனைக்குச் சொன்னால் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். அவரை வேறு வீட்டுக்கு மாற்றவும் சொல்லலாம்.

சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் நினைவு பழைய மஜ்ஜையோடு பெரும்பாலும் போய்விடும். அதனால் சில மாதங்கள் கழித்து அவருக்கும் முதலிலிருந்து ஊசிகள் போடுவார்கள். உயிருள்ள கிருமி கொண்டவற்றை மட்டும் சுமார் இரண்டு வருடம் தள்ளி வைப்பார்கள். அப்பாவும் தங்கச்சிப் பாப்பாவும் ஒரே மாதிரி ஊசி அட்டை வைத்திருப்பதில் பெரிய பிள்ளைக்கு ஒரு சந்தோஷம்.

## கேட்கத் தயங்கும் இரண்டு விஷயம்

கண்டிஷனிங் மருந்துகளால் பிள்ளைப்பேறு நிரந்தரமாகப் போய்விடலாம். இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், சிகிச்சை தொடங்கும் முன்பே விந்தணுவையோ கருமுட்டையையோ உறைய வைப்பது பற்றிப் பேச வேண்டும். மாமனார் அருகில் இருக்கும்போது இதைக் கேட்க முடியாது; தனியாக ஐந்து நிமிடம் வாங்கிக் கேளுங்கள்.

அடுத்தது பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எலும்பு மஜ்ஜை மாற்றும் உண்டு. அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும், அதுவும் பட்டியலில் உள்ள மருத்துவமனையாக இருக்க வேண்டும். அறை வாடகை, போக்குவரத்து, மாதக்கணக்கில் மாத்திரை, வேலைக்குப் போகாத நாள்கள் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## ராத்திரி காய்ச்சல் வந்தால்

100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினால் பாரசிட்டமால் போட்டுவிட்டுக் காலைவரை பார்க்கலாம் என்பது இங்கே செல்லாது. உடனே மருத்துவமனையைக் கூப்பிட வேண்டும். சென்னை 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது; மதுரையும் திருச்சியும் ஒன்றரை, இரண்டு மணி நேரம். ஆகவே ஊருக்குத் திரும்பும் முன்பே, அவசரத்துக்கு எங்கே போக வேண்டும் என்று மஜ்ஜை மாற்று செய்த மருத்துவரிடமே கேட்டு, அங்கே காட்ட ஒரு கடிதமும் வாங்கிவிடுங்கள். என்ன சிகிச்சை நடந்தது, என்ன மாத்திரை ஓடுகிறது, எந்த ஆண்டிபயாட்டிக் முதலில் தர வேண்டும், ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தால் கதிர்வீச்சு செய்த (கொடுத்தவரின் வெள்ளையணு பெருகாதபடி செய்த) ரத்தம்தான் ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தக் கடிதத்தையும் தெர்மாமீட்டரையும் கடைசி ரத்த ரிப்போர்ட்டையும் ஒரே பையில் போட்டு, காரோட்டத் தெரிந்தவர் கைக்கு எட்டும்படி மாட்டி வையுங்கள்.